கரண்டுக்கா, குண்டுக்கா? – சித்தப்பாவுக்கு ஒரு பாக்கி பதில்

மும்பையில் குடியிருக்கும் நம்மவர்களுக்கு ஒரு எழுதாத சட்டம் உண்டு. ஊரிலிருந்து யார் வந்தாலும் சித்தி விநாயகர், மகாலட்சுமி, கேட்வே, அங்கிருந்து லாஞ்ச் பிடித்து எலிஃபெண்டா. இருபத்தைந்து வருடத்துக்கு மேலாகச் செம்பூரில் இருக்கிறேன். எலிஃபெண்டா குகைக்கு எத்தனை தடவை போயிருப்பேன் என்று கணக்கே இல்லை. (கணக்குப் பார்ப்பதுதான் எனக்குத் தொழில், இருந்தாலும்!)

2007 டிசம்பரில் தூத்துக்குடியிலிருந்து சித்தப்பாவும் சித்தியும் வந்திருந்தார்கள். சித்தப்பா உப்பளத்தில் கணக்கப்பிள்ளையாக இருந்து ஓய்வு பெற்றவர். லாஞ்ச் கொஞ்ச தூரம் போனதும் இடது பக்கம் டிராம்பே மலையும் அதன் அடிவாரத்தில் கரையோரமாக உருண்டையான ஒரு கட்டடமும் தெரிந்தன. சித்தப்பா கையை நீட்டி, "ஏல, அது என்னது, மசூதியா?" என்றார்.

"இல்ல சித்தப்பா, அது அணு உலை. பாபா அணு ஆராய்ச்சி மையம்."

"கரண்டுக்கா, குண்டுக்கா?"

"கரண்டுக்குத்தான் சித்தப்பா" என்றேன், யோசிக்காமல். பக்கத்தில் என் மகள், அப்போது எட்டு வயது, அதை அப்படியே கேட்டுக்கொண்டிருந்தாள்.

அந்தப் பதில் தப்பு. எவ்வளவு தப்பு என்று பிறகு படிக்கப் படிக்கத்தான் தெரிந்தது. சித்தப்பாவுக்கு இந்த வருடம் எண்பது முடிகிறது. ஊருக்குப் போகிறேன். போவதற்கு முன் அந்தப் பாக்கியைத் தீர்த்துவிடலாம் என்றுதான் இதை எழுதுகிறேன்.

முதலில் ஒரு பழைய கதை. 1948 ஏப்ரலில் அரசியல் நிர்ணய சபையில் அணுசக்தி மசோதா வந்தது. நேரு கொண்டுவந்தார். அணு சம்பந்தப்பட்ட எல்லாமே ரகசியம் என்றது மசோதா. மைசூரைச் சேர்ந்த உறுப்பினர் கிருஷ்ணமூர்த்தி ராவ் எழுந்து ஒரு நியாயமான கேள்வி கேட்டார். இங்கிலாந்தில் பாதுகாப்பு சம்பந்தப்பட்டதற்குத்தானே ரகசியம், இங்கே அமைதி வேலைக்கும் ஏன் ரகசியம் என்று. நேரு சொன்ன பதிலின் சாரம், இது இரண்டையும் எப்படிப் பிரிப்பது என்று எனக்குத் தெரியவில்லை என்பதுதான். சுதந்திரம் வந்து எட்டு மாதம்கூட ஆகவில்லை. நாட்டில் ஒரு அணு உலைகூடக் கிடையாது. அப்போதே சித்தப்பாவின் கேள்வி சபையில் வந்துவிட்டது. பதிலும் சித்தப்பாவின் மருமகப்பிள்ளைகள், அண்ணன் மகன்கள் சொல்வதைவிட நேர்மையாகவே இருந்தது.

சரி, அந்த உருண்டைக் கட்டடத்துக்கு வருவோம். அதன் பெயர் சைரஸ். கனடா, இந்தியா, ரியாக்டர் என்பவற்றோடு அமெரிக்காவின் எழுத்துகளையும் சேர்த்து வைத்த பெயர். 1956 ஏப்ரலில் கனடாவுடன் ஒப்பந்தம். உலையைக் கட்ட உதவியது கனடா. சுமார் 19 டன் கனநீரைக் கொடுத்தது அமெரிக்கா. முதல் தடவை நிரப்பிய யுரேனியத்தில் பாதி கனடாவுடையது, பாதி நம்முடையது. 1960 ஜூலையில் உலை உயிர் பெற்றது.

சைரஸ் மின்சாரம் தயாரிக்கும் உலையே அல்ல. அதன் 40 மெகாவாட் வெப்பமும் கடைசியில் கடல் தண்ணீருக்குத்தான் போனது. மின்சார வாரியத்துக்கு ஒரு யூனிட்கூட அது கொடுத்ததில்லை. அதற்காக அது குண்டுக்காகவே கட்டியது என்றும் சொல்ல முடியாது. ஆஸ்பத்திரிகளுக்குத் தேவையான கதிரியக்க ஐசோடோப்புகள் அதில் தயாராயின. பின்னால் வந்த மின் உலைகளுக்கான பொருள்களை அதில் வைத்துச் சோதித்தார்கள். ஒரு தலைமுறைப் பொறியாளர்கள் அதில்தான் தொழில் கற்றார்கள்.

குண்டு எங்கிருந்து வருகிறது என்றால், உலையிலிருந்து எடுத்த பழைய கம்பிகளிலிருந்து.

விஞ்ஞானம் படிக்காதவன் சொல்கிறேன், எளிமையாகவே இருக்கும். இயற்கை யுரேனியத்தில் எரியக்கூடியது நூற்றில் ஒரு பங்குகூட இல்லை. மீதியெல்லாம் சும்மா கிடக்கும் கனமான யுரேனியம். அது நியூட்ரானை விழுங்கினால் கொஞ்ச நாளில் புளுட்டோனியமாக மாறும். உலையை எதற்கு ஓட்டினாலும் இது நடக்கும். தடுக்க முடியாது. சோறு வடித்தால் கஞ்சி வருவது மாதிரி.

ஒரு மெகாவாட் வெப்பத்துக்கு நாளொன்றுக்கு ஒரு கிராமுக்குச் சற்றுக் குறைவாகப் புளுட்டோனியம் சேரும். நாற்பது மெகாவாட் உலை வருடத்தில் முக்கால்வாசி நாள் ஓடினால் 9, 10 கிலோ. சர்வதேச அணுசக்தி முகமை, ஒரு குண்டு செய்துவிட வாய்ப்புண்டு என்று வைத்திருக்கும் அளவு 8 கிலோ. கணக்கைப் போட்டுப் பாருங்கள்.

இதில் இன்னொரு நுணுக்கம் உண்டு. கம்பியைச் சீக்கிரமாக வெளியே எடுத்தால் சுத்தமான புளுட்டோனியம்-239 கிடைக்கும். குண்டுக்கு அதுதான் தோது. நிறைய நாள் உள்ளேயே விட்டுவிட்டால் புளுட்டோனியம்-240 கூடிவிடும். அது தானாகவே நியூட்ரானைக் கக்கும். குண்டு சரியாக அமுங்குவதற்கு முன்பே வெடிக்கத் தொடங்கிப் புஸ்ஸென்று போகலாம். மின் நிலையக்காரர்கள் காசு கொடுத்து வாங்கிய கம்பியை முடிந்த மட்டும் எரிக்கத்தான் பார்ப்பார்கள். ஆக, ஒரே மாதிரி உலை, ஒரே மாதிரி கம்பி, எத்தனை நாள் உள்ளே இருந்தது என்பதில்தான் வித்தியாசம். (அதிக நாள் எரிந்த புளுட்டோனியத்திலும் குண்டு செய்ய முடியும், கஷ்டம் அதிகம், அவ்வளவுதான் என்கிறார்கள்.)

கம்பியிலிருந்து புளுட்டோனியத்தைப் பிரிக்க ஒரு ஆலை வேண்டும். மறுசுழற்சி ஆலை என்பது அதுதான். டிராம்பேயிலேயே அதைக் கட்டினார்கள். 1964-ல் வேலை தொடங்கியது. 1965 ஜனவரியில் பிரதமர் லால் பகதூர் சாஸ்திரி முறைப்படித் திறந்துவைத்தார். எதற்கு என்றால், எதிர்காலத்தில் வேக ஈனுலைகளுக்கு எரிபொருள் வேண்டுமே, அதற்கு. பொய்யில்லை. ஹோமி பாபாவின் மூன்று கட்டத் திட்டத்தில் இரண்டாவது கட்டமே புளுட்டோனியம்தான். நம்மிடம் யுரேனியம் கொஞ்சம், தோரியம் நிறைய. தோரியத்துக்குப் போக வேண்டுமென்றால் புளுட்டோனியம் வழியாகத்தான் போக வேண்டும் என்பது அவர் கணக்கு.

இதற்கு நடுவே 1964 அக்டோபர் 16-ல் சீனா குண்டு வெடித்தது. எட்டு நாள் கழித்து பாபா வானொலியில் பேசினார். 10 கிலோ டன் குண்டு ஒன்றுக்கு சுமார் 17.5 லட்சம் ரூபாய்தான் ஆகும் என்று, அமெரிக்கர்கள் வெளியிட்டிருந்த ஒரு மதிப்பீட்டை வைத்துச் சொன்னார். ஆடிட்டராக இந்த இடத்தில் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. இது எப்படி இருக்கிறது என்றால், கல்யாண வீட்டில் வெற்றிலை பாக்குச் செலவை மட்டும் சொல்லி, கல்யாணமே இவ்வளவுதான் என்பது போல. உலை யார் கணக்கில்? மறுசுழற்சி ஆலை யார் கணக்கில்? அவையெல்லாம் 'அமைதி' என்ற தலைப்பில் ஏற்கெனவே செலவெழுதியாகிவிட்டது. அமைதிக் கணக்கில் கட்டிய வீட்டில்தான் குண்டு குடி வந்தது.

பாபா 1966-ல் விமான விபத்தில் போய்விட்டார். வேலை நிற்கவில்லை. ராஜா ராமண்ணா தலைமையில் ஒரு சின்னக் குழு. எண்பது பேருக்குக் குறைவு. அதில் நம்ம ஆர்.சிதம்பரமும் ஒருவர். சென்னையில் பிறந்து மாநிலக் கல்லூரியில் படித்தவர். அழுத்தம் ஏறும்போது புளுட்டோனியம் எப்படி நடந்துகொள்ளும் என்ற கணக்கைப் போட்டது அவர். அந்த விவரத்தை எந்த நாடும் வெளியே சொல்லாது. நாமே போட்டுத்தான் ஆக வேண்டும். சிதம்பரம் 2025 ஜனவரியில் காலமானபோது எங்கள் பக்கத்துத் தமிழ் வீடுகள் பலவற்றில் அதுதான் பேச்சு.

1971 அக்டோபரிலேயே கனடாப் பிரதமர் ட்ரூடோ (இப்போதைய தலைமுறைக்குத் தெரிந்த ட்ரூடோவின் அப்பா) இந்திரா காந்திக்குக் கடிதம் எழுதினார். எங்கள் உதவியில் வந்ததை வைத்து வெடித்தீர்கள் என்றால் ஒத்துழைப்பை மறுபரிசீலனை செய்ய வேண்டிவரும் என்ற தொனியில். நம் பக்கம் அப்படியொரு கட்டுப்பாட்டை ஏற்கவில்லை.

1974 மே 18 காலை, போக்ரான் மணலுக்கு அடியில் வெடித்தது. உள்ளே இருந்தது சுமார் 6 கிலோ புளுட்டோனியம். சைரஸின் கம்பிகளில் விளைந்தது.

இங்கேதான் என் தொழில் புத்தி முழித்துக்கொண்டது. 1956 ஒப்பந்தத்தில் என்ன எழுதியிருந்தது? உலையும் அதில் விளைவதும் அமைதி காரியங்களுக்கு மட்டும் என்று வாக்குறுதி இருந்தது. அமெரிக்காவின் கனநீர் ஒப்பந்தத்திலும் அதே மாதிரிதான். ஆனால் யார் வந்து பார்ப்பது, எந்தப் பேரேட்டைக் காட்டுவது, கம்பிகளை யார் எண்ணுவது, எதுவும் கிடையாது. சர்வதேச அணுசக்தி முகமையே 1957-ல்தான் பிறந்தது. கண்காணிப்பு என்ற பேச்சை எடுத்தாலே, வெள்ளைக்காரன் போன பிறகும் வேலியா என்று பாபா கடுமையாக எதிர்த்தார். கனடாவும் விற்கிற அவசரத்தில் இருந்தது. கண்டிஷன் உண்டு, ஆடிட் கிடையாது. இப்படி ஒரு ஒப்பந்தத்தை என் மேஜைக்கு யாராவது கொண்டுவந்தால், "சார், இது கல்யாணப் பத்திரிகை, ஒப்பந்தம் இல்லை" என்று சொல்லியிருப்பேன்.

நாம் ஒப்பந்தத்தை மீறினோமா? இந்தியா சொன்னது, இது அமைதிக்கான வெடிப்பு. அந்தக் காலத்தில் அப்படியொரு வகை உண்மையிலேயே இருந்தது. அமெரிக்காவும் சோவியத்தும் கால்வாய் வெட்டவும் எண்ணெய் எடுக்கவும் அணுவெடி வைக்கலாம் என்று நிஜமாகவே வெடித்துப் பார்த்துக்கொண்டிருந்தன. அணு ஆயுதப் பரவல் தடை ஒப்பந்தத்திலேயே அதற்கு ஒரு பிரிவு உண்டு. ஆக, சட்டப் புத்தகத்தை வைத்துப் பார்த்தால் நம் வாதம் நின்றது. கனடா சொன்னது, வெடிப்பில் அமைதி வெடிப்பு, போர் வெடிப்பு என்று ரெண்டு கிடையாது. 1997-ல் ராஜா ராமண்ணாவே அது குண்டுதான் என்று வெளிப்படையாகச் சொல்லிவிட்டார். அடுத்த வருடம் மே மாதம் மறுபடி போக்ரான்.

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். 1998 மே மாதம் நான் செம்பூரில் நாலு பேரோடு ஒரு ரூமில் தங்கியிருந்தேன். கலாமும் சிதம்பரமும் டிவியில் வந்தபோது முதல் ஆளாக ஓடிப்போய் ஜாங்கிரி வாங்கி வந்தவன் நான்தான். இன்றைக்கும் அந்தச் சந்தோஷத்தை மறுக்க மாட்டேன். ஆனால் பெருமை வேறு, கணக்கு வேறு. பெருமைப்பட்டதாலேயே கணக்கைப் பார்க்காமல் விட்டுவிட்டேன் என்பதுதான் என் தப்பு.

1974-க்குப் பில் எப்போது வந்தது தெரியுமா? நாலே நாளில். மே 22-ல் கனடா உதவியை நிறுத்தியது. ராஜஸ்தானில் கனடா உதவியோடு கட்டிக்கொண்டிருந்த இரண்டாவது உலையை நாமே முக்கி முனகி 1981-ல்தான் முடித்தோம். அணுப் பொருள் விற்கும் நாடுகள் ஒன்றுகூடி ஒரு குழு அமைத்தன. அது பிறந்ததே நம்மால்தான்.

இதில் எனக்கு மனசு கேட்காத இடம் தாராப்பூர். மும்பைக்கு வடக்கே அமெரிக்கர்கள் கட்டிக்கொடுத்து 1969-ல் ஓட ஆரம்பித்த மின் நிலையம். சைரஸ் மாதிரி இல்லை, அங்கே சர்வதேச முகமையின் ஆட்கள் வந்து எண்ணிப் பார்த்தார்கள். கணக்கு ஒழுங்காக இருந்தது. ஆனாலும் 1978-ல் அமெரிக்கா சட்டத்தையே மாற்றியது. எரிபொருள் வருவது இழுபறியாகி, கடைசியில் 1982-ல் பிரான்ஸ் அந்த இடத்துக்கு வந்தது. ஒழுங்காகப் பேரேடு வைத்த கிளைக்குத் தண்டனை, வேறு கிளையில் நடந்ததற்காக.

எங்க ஊர் விஷயத்துக்கு வருகிறேன். தூத்துக்குடியில் ஸ்பிக் உர ஆலைக்குப் பக்கத்தில் ஒரு கனநீர் ஆலை இருந்தது ஞாபகம் இருக்கிறதா? 1978-ல் வந்தது. சாதாரணத் தண்ணீரில் சுமார் 6,400 ஹைட்ரஜன் அணுவுக்கு ஒன்றுதான் கனமான ஹைட்ரஜன். உர ஆலைக்குப் போகிற வாயுவிலிருந்து அதைப் பிரித்தெடுத்துக் கனநீர் செய்தார்கள். இயற்கை யுரேனியத்தில் ஓடும் நம் மின் உலைகளுக்கு அது இல்லாமல் முடியாது. 1974-க்குப் பிறகு வெளியே போய்க் கனநீர் வாங்குவது குதிரைக்கொம்பு ஆனதும், இந்த ஆலைகளின் மதிப்பு கூடிப்போனது. கல்பாக்கத்தில் நம் ஆட்களே கட்டிய முதல் மின் உலை 1983-ல் ஓடத் தொடங்கியது. சின்ன வயதில் நான் அந்த ஆலைப் பக்கம் சைக்கிளில் போயிருக்கிறேன். உரம் செய்கிற இடத்தில் ஏதோ தண்ணீரும் செய்கிறார்கள் என்பதற்கு மேல் எனக்கு எதுவும் தெரியாது.

கடைசியாக 2005-ல் அமெரிக்காவோடு அணு ஒப்பந்தப் பேச்சு தொடங்கியது. நாங்கள் லாஞ்சில் போன 2007-ல் டெல்லியே அதில் தகித்துக்கொண்டிருந்தது. யுரேனியம் போதாமல் நம் மின் உலைகள் முழு வேகத்தில் ஓட முடியாத காலம் அது. ஒப்பந்தத்தின் முதல் நிபந்தனை, நேரு பிரிக்கத் தெரியவில்லை என்று சொன்னதைப் பிரித்துக் காட்ட வேண்டும். 2006 மார்ச்சில் இந்தியா ஒரு பட்டியல் கொடுத்தது. இருந்ததும் கட்டிக்கொண்டிருந்ததுமாக 22 மின் உலைகளில் 14 சிவில் பக்கம், சர்வதேசக் கண்காணிப்புக்கு. மீதி எட்டு அந்தப் பக்கம், வெளியாள் யாரும் எட்டிப் பார்க்க முடியாது.

அந்தப் பட்டியலைப் படித்தபோது பேரேட்டில் இடது பக்கம், வலது பக்கம் பார்ப்பது போலவே இருந்தது. தூத்துக்குடிக் கனநீர் ஆலை சிவில் பக்கம். கூடங்குளம் ரஷ்ய உலைகள் சிவில் பக்கம். சென்னைக்கு மின்சாரம் தந்துகொண்டிருந்த கல்பாக்கம் உலைகள் இரண்டும் மறு பக்கம்! வேக ஈனுலையும் அங்கேதான். ஆக, மெட்ராஸில் நம் வீட்டு ஃபேன் சுற்றுவதற்கு வருகிற கரண்டில் ஒரு பங்கு, எண்ணிப் பார்க்க வெளியாளை விடாத உலையிலிருந்து வருகிறது. கல்பாக்கத்தில் குண்டு செய்கிறார்கள் என்று நான் சொல்லவில்லை. செய்ய வேண்டிவந்தால் வழி இருக்கட்டும் என்று கதவைத் திறந்து வைத்திருக்கிறோம் என்பதுதான் அந்தப் பக்கத்தின் பொருள்.

சைரஸை 2010 டிசம்பர் 31-ல் நிரந்தரமாக மூடினார்கள். அதுவும் அந்தப் பட்டியலில் கொடுத்த வாக்குதான். ஐம்பது வருடம் ஓடியது. அதற்குள் 1985-லேயே அதைவிடப் பெரிய துருவா உலை பக்கத்தில் வந்துவிட்டது.

இப்போது ஜப்பானைப் பாருங்கள். அதன் பெயரில் சுமார் 45 டன் பிரித்த புளுட்டோனியம் இருக்கிறது, பெரும்பகுதி பிரிட்டனிலும் பிரான்சிலும். எட்டு கிலோ கணக்கில் வகுத்தால் ஆயிரக்கணக்கில் வரும். விஞ்ஞானிகளுக்கும் பஞ்சமில்லை. ஆனால் ஜப்பானிடம் குண்டு கிடையாது. அங்கே ஒவ்வொரு கிராமையும் எழுதி வைத்து, சர்வதேச முகமைக்குக் காட்டுகிறார்கள். கணக்கில் வராத சரக்கு என்று ஒரு தனிக் கலமே அந்த முகமையின் படிவத்தில் உண்டு. அதைப் படித்தபோது எனக்குக் கையெடுத்துக் கும்பிடத் தோன்றியது. நான் தினமும் குடோனில் நின்று தேடுவதும் அதைத்தானே!

திறமை இருக்கிறவன் குண்டு செய்வான் என்பதல்ல, திறமை வந்த பிறகு மிச்சம் இருப்பது ஒரு முடிவு மட்டும்தான். அந்த முடிவை எடுத்தார்களா இல்லையா என்பது உலையைப் பார்த்தால் தெரியாது. கணக்கைப் பார்த்தால்தான் தெரியும்.

போன ஞாயிற்றுக்கிழமை சித்தப்பாவுக்குப் போன் போட்டேன். காது கொஞ்சம் மந்தம், சத்தமாகத்தான் பேச வேண்டும். லாஞ்ச், உருண்டைக் கட்டடம் எல்லாம் ஞாபகம் இருந்தது அவருக்கு. "அன்னைக்கு நான் சொன்னது தப்பு சித்தப்பா. அதுல கரண்டே எடுக்கல. ஆஸ்பத்திரிக்கும் உதவுச்சு, குண்டுக்கும் உதவுச்சு. ரெண்டும் ஒரே உலைதான்" என்று மேலே எழுதியதையெல்லாம் சுருக்கிச் சொன்னேன்.

"இதுல என்னல அதிசயம்?" என்றார். "நம்ம உப்பு மாதிரிதான. ஒரே பாத்தில வாருனதுதான். சாப்பாட்டுக்குப் போவுதா, ஃபேக்டரிக்குப் போவுதான்னு உப்பப் பாத்தா தெரியுமா? லாரிச் சீட்டப் பாத்தாத்தான் தெரியும்."

அறுபது வருடப் படிப்பை ஒரு வரியில் முடித்துவிட்டார் மனுஷன். நான் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை.

"சரிடே, அந்த எட்டு உலைக்கு லாரிச் சீட்ட யாரு பாக்கா?"

பார்லிமென்டில் கேட்டால் ரகசியம். வெளிநாட்டு ஆளுக்கு அனுமதி இல்லை. அரசாங்கமே எழுதி, அரசாங்கமே பார்த்து, அரசாங்கமே கையெழுத்துப் போடுகிற கணக்கு. எந்தக் கம்பெனியிலும் நான் இதை ஒத்துக்கொள்ள மாட்டேன். நாட்டு விஷயத்தில் இதைத்தான் ஒத்துக்கொண்டு ஜாங்கிரி சாப்பிட்டிருக்கிறேன். பக்கத்தில் சீனாவையும் பாகிஸ்தானையும் வைத்துக்கொண்டு வேறு வழியில்லை என்பீர்கள். இருக்கலாம், நானும் அப்படித்தான் பாதி நாள் நினைக்கிறேன். மீதிப் பாதி நாளுக்கு சித்தப்பாவிடம் சொல்ல என்னிடம் பதில் இல்லை. ஊருக்கு டிக்கெட் போட்டாகிவிட்டது. அதற்குள் உங்களில் யாருக்காவது தெரிந்தால் சொல்லுங்கள்.